தேன் கோடை ஏல் கிட்: பெட்டியில் இருப்பது நல்ல பொருள், கூட வரும் தாளை மட்டும் அப்படியே நம்பாதீர்கள்

வீட்டிலேயே பியர் காய்ச்சுகிறவர்களுக்கு என்று விற்கும் "தேன் கோடை ஏல்" (ஏல் என்பது பியரில் ஒரு வகை) கிட்டை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: வாங்கலாம். உள்ளே இருக்கும் மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி), ஹாப்ஸ் (கசப்பும் மணமும் தரும் பூ), ஈஸ்ட் மூன்றும் தரமானவை. ஆனால் கூட ஒரு செய்முறைத் தாள் வருகிறதே, அதில் தேனைப் பற்றிச் சொல்லியிருப்பதை அப்படியே செய்தால் கடைசியில் உங்கள் கையில் தேன் வாசனையே இல்லாத ஒரு சாதாரண வெளிர் ஏல்தான் மிஞ்சும். பெட்டியின் பெயரை எழுதவில்லை. இதே மாதிரி கிட்டுகளைப் பல பேர் விற்கிறார்கள், உள்ளே இருப்பதும் கிட்டத்தட்ட ஒன்றுதான், தாளில் இருக்கும் குறையும் பெரும்பாலும் ஒன்றுதான். வீட்டில் பியர் காய்ச்ச உங்கள் ஊர்ச் சட்டம் இடம் தருகிறதா என்பதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இது 20 லிட்டருக்கான கிட். உலர் மால்ட் எக்ஸ்ட்ராக்ட் 2 கிலோ, தேன் 500 கிராம், ஊறவைக்க காராபில்ஸ் மால்ட் கொஞ்சம், அதற்கு ஒரு துணிப் பை, ஹாலர்டாவ் ஹாப்ஸ் ஒரு பாக்கெட், கேஸ்கேட் ஹாப்ஸ் ஒரு பாக்கெட், சஃபேல் யுஎஸ்-05 ஈஸ்ட் 11.5 கிராம், பாட்டிலில் நுரைக்காகப் போட டெக்ஸ்ட்ரோஸ் சர்க்கரை 150 கிராம். பாத்திரம், ஃபெர்மென்டர் (நொதிக்கவைக்கும் கலம்), ஹைட்ரோமீட்டர் (திரவத்தின் அடர்த்தியை அளக்கும் கருவி) எதுவும் வராது, அதெல்லாம் ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கானது இது. மால்ட்டைப் பாகாகத் தராமல் பொடியாகத் தந்திருப்பது எனக்கு ரொம்பப் பிடித்தது. பாகு டப்பாவில் நாள்பட்டால் நிறம் கறுத்து ஒரு பழைய வாடை வந்துவிடும், வெளிர் ஏலில் அதை மறைக்க வழியே கிடையாது. பொடி ஈரம் படாமல் இருந்தால் நீண்ட நாள் தாங்கும். ஆவி பட்டால் கட்டிகட்டியாகிவிடும் என்பதால் அடுப்பை அணைத்துவிட்டு மொத்தமாகக் கொட்டிக் கலக்கி, கரைந்த பிறகு திரும்பப் பற்றவையுங்கள், அடி பிடிக்காது.

இப்போது தேன். தேன் பியர் என்றதும் பலர் இனிப்பான பியரை எதிர்பார்க்கிறார்கள். பெட்டியின் மேல் தேன் வழியும் படம் வேறு போட்டிருப்பதால் அந்த எதிர்பார்ப்பு இன்னும் கூடுகிறது. நடப்பது நேர்மாறானது. தேனில் இருக்கும் சர்க்கரை பெரும்பாலும் ஃப்ரக்டோஸும் குளுக்கோஸும்தான், ஈஸ்ட் அதைக் கிட்டத்தட்ட முழுவதுமாகத் தின்று தீர்த்துவிடும். மால்ட்டில் அப்படியில்லை, ஈஸ்ட்டால் தொட முடியாத டெக்ஸ்ட்ரின் ஒரு பங்கு மிச்சம் இருக்கும், பியருக்கு உடம்பை, அதாவது வாயில் உணரும் கனத்தைக் கொடுப்பது அதுதான். ஆகவே மால்ட்டின் ஒரு பகுதிக்குப் பதிலாகத் தேன் போட்டால் பியர் இன்னும் லேசாகும், இனிப்பு குறையும், நாக்கில் ஒட்டாமல் சட்டென்று முடியும். வெயில் காலத்துக்கு அதுதானே வேண்டும்! அதனால் தேன் கோடை ஏல் என்ற யோசனையே மிகச் சரியானது என்பேன். தேனின் இனிப்புக்காக இதைக் காய்ச்சாதீர்கள், அதன் வாசனைக்காகக் காய்ச்சுங்கள்.

அளவையும் சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள். 500 கிராம் தேன் 20 லிட்டரில் ஹைட்ரோமீட்டர் கணக்கில் ஏழு புள்ளி தரும் (தண்ணீர் 1.000, ஒரு புள்ளி என்றால் 0.001), மால்ட்டோடு சேர்ந்து தொடக்க அடர்த்தி 1.045 பக்கம் நிற்கும். நொதித்து முடியும்போது 1.008 அளவுக்கு இறங்கினால் ஆல்கஹால் 4.8 சதவீதம் வருகிறது. மொத்தச் சர்க்கரையில் தேனின் பங்கு ஆறில் ஒன்று. இதை விடக் குறைத்தால் தேன் இருப்பதே தெரியாது. மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் பியர் மெலிந்து மீட் (தேனையே நொதிக்கவைத்த மது) பக்கம் போய்விடும், ஈஸ்ட்டுக்கும் நைட்ரஜன் சத்து போதாமல் திணறும். தேனில் அந்தச் சத்து மிகக் குறைவு. ஆறில் ஒரு பங்கு என்றால் மால்ட்டே அதை ஈடுகட்டிவிடும், தனியாக ஈஸ்ட் சத்து எதுவும் போட வேண்டியதில்லை.

தாளில் என்ன சொல்லியிருக்கிறது? மால்ட்டோடு தேனையும் சேர்த்துக் கொதிக்கவிடு என்கிறது. ஒரு மணி நேரக் கொதி! தேனின் வாசனை முழுக்க எளிதில் ஆவியாகும் பொருட்களால் ஆனது. கொதிக்கும் பாத்திரத்துக்கு மேலே குனிந்தால் அறை முழுக்க அருமையான தேன் மணம் வரும், அவ்வளவும் பியரிலிருந்து வெளியேறிக்கொண்டிருக்கும் மணம். மிஞ்சுவது வெறும் சர்க்கரை. அதற்கு வெள்ளைச் சர்க்கரையையே போட்டிருக்கலாம். காசு கொடுத்துத் தேன் வாங்கி ஆவியில் விடுவதற்கு ஒரு காரணமும் இல்லை.

சரி, எப்போது போடுவது? இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, அடுப்பை அணைத்து வோர்ட் (இன்னும் நொதிக்காத மால்ட் கரைசல்) 80 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்கிய பிறகு தேனைக் கலக்கி, கொஞ்ச நேரம் மூடி வைத்துவிட்டுக் குளிரவைப்பது. தேனில் தூங்கிக்கொண்டிருக்கும் காட்டு ஈஸ்ட்டை அந்தச் சூடு பார்த்துக்கொள்ளும், மணமும் ஓரளவு நிற்கும். முதல் முறை காய்ச்சுகிறவர்களுக்கு இதுவே போதும்.

இன்னொரு வழி எனக்குப் பிடித்தது: ஃபெர்மென்டரில் நொதித்தல் உச்சம் தொட்டு, மேலே எழுந்த நுரை இறங்கத் தொடங்கும்போது தேனைச் சேர்ப்பது. இது ஏன் சிறந்தது என்றால், நொதித்தலின் முதல் சில நாட்களில் கரியமில வாயு பொங்கிப் பொங்கி வெளியே போகிறது, போகும்போது மென்மையான மணங்களையும் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது. அந்த ஆர்ப்பாட்டம் அடங்கிய பிறகு போட்டால் தேனின் பூ வாசனை பியரிலேயே தங்கும். மால்ட் சர்க்கரையை ஏற்கெனவே கையில் எடுத்துவிட்ட ஈஸ்ட், புதிதாக வந்த தேனையும் தயங்காமல் முடித்துவிடும். தேனைச் சம அளவு வெந்நீரில் கரைத்து ஆறவைத்து ஊற்றுங்கள். அப்படியே ஊற்றினால் கனம் காரணமாக அடியில் போய்ப் படிந்துவிடும். மெதுவாக ஊற்ற வேண்டும், வாயு நிறைந்த திரவத்தில் எதையாவது வேகமாகக் கொட்டினால் நுரை பொங்கி மூடியைத் தாண்டி வரும். தளும்பவும் கூடாது, அந்தக் கட்டத்தில் காற்று கலந்தால் பியருக்கு அட்டை வாடை வரும். ஏர்லாக்கில் (வாயுவை வெளியே மட்டும் விடும் அடைப்பு) குமிழி மறுபடி வேகமாக வரத் தொடங்கும், அது நல்ல அறிகுறி.

பச்சைத் தேனை அப்படிச் சேர்த்தால் பியர் கெட்டுவிடாதா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். தேனில் தண்ணீர் 18 சதவீதம் அளவுதான் இருக்கிறது, அவ்வளவு அடர்த்தியில் கிருமிகள் வளர முடியாதே தவிர, உயிரோடுதான் இருக்கும், தண்ணீரில் கரைத்ததும் எழுந்துவிடும். ஆனால் நுரை இறங்கும் கட்டத்தில் பியரில் ஆல்கஹால் வந்துவிட்டது, அமிலத்தன்மை கூடிவிட்டது, நம் ஈஸ்ட் கோடிக்கணக்கில் பெருகி நிற்கிறது. புதிதாக வரும் எதுவும் அங்கே கால் ஊன்றுவது கடினம். இதற்கும் மேல் பயமாக இருந்தால் தேன் கரைசலை மூடிய பாத்திரத்தில் 80 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து ஆறவிட்டுச் சேருங்கள். மூடி இருப்பதால் மணம் அதிகம் போகாது. பச்சைத் தேனில் நொதிப்பொருட்களும் (என்சைம்கள்) உண்டு, அவை மால்ட்டின் டெக்ஸ்ட்ரினையும் உடைக்கக்கூடும் என்பதால் பியர் எதிர்பார்த்ததை விட மெலிந்துவிடாமல் இருக்கவும் இந்தச் சூடு உதவும்.

கிட்டோடு வரும் தேன் பற்றி நேரடியாகச் சொல்லிவிடுகிறேன், பெட்டியில் இருக்கும் பொருட்களில் மட்டமானது அதுதான். நிறம் வெளுப்பு, மூக்கருகே கொண்டுபோனால் பொதுவான ஒரு இனிப்பு வாசனை மட்டும், எந்தப் பூ என்று எங்கும் எழுதவில்லை. மோசம் என்று சொல்ல முடியாது, ரொட்டியில் தடவிச் சாப்பிடலாம். பியருக்கு அது போதாது, ஏனென்றால் நொதித்த பிறகு தேனின் இனிப்பு போய்விடும், மணம் மட்டுமே மிஞ்சும், அந்த மணமே தொடக்கத்தில் இல்லையென்றால் எதை எதிர்பார்ப்பது? நல்ல மணமுள்ள, அதிகம் சூடு காட்டாத தேனை நீங்களே வாங்கி இதற்குப் பதிலாகப் போடுங்கள். ஆரஞ்சுப் பூத் தேன் இந்த ஏலுக்கு அபாரமாகப் பொருந்துகிறது. க்ளோவர் தேன் மென்மையாக இருக்கும், குறை சொல்ல முடியாது. பக்வீட் தேன் மாதிரி கறுப்பான, காட்டமான தேன் மட்டும் வேண்டாம், அது கறுப்பு பியர்களில்தான் நன்றாக இருக்கும்.

ஹாப்ஸ். ஹாலர்டாவ் பாக்கெட்டைக் கொதியின் தொடக்கத்தில், கேஸ்கேட் பாக்கெட்டைக் கடைசி ஐந்து நிமிடத்தில் போடச் சொல்கிறது தாள். கசப்பு 18 ஐபியு (பியர்க் கசப்பை அளக்கும் அலகு) அளவுக்கு வரும். பிளாண்ட் ஏல் என்ற வெளிர் வகைக்குப் பிஜேசிபி (பியர் நடுவர்களுக்கான அமைப்பு) வழிகாட்டி சொல்வது 15 முதல் 28 வரை, இது கீழ்ப்பக்கத்தில் இருக்கிறது, கோடை ஏலுக்கு அது சரிதான். என் ஆட்சேபம் கேஸ்கேட் பற்றியது. நல்ல ஹாப்ஸ்தான், அதில் சந்தேகமே இல்லை, ஆனால் பம்ப்ளிமாஸ் தோல் மாதிரியான அதன் மணம் பலமானது, 28 கிராமையும் கடைசியில் போட்டால் அதுதான் கண்ணாடிக் கோப்பையிலிருந்து முதலில் எழும், தேன் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். பாதி பாக்கெட் போடுங்கள், மீதியைக் காற்றுப் புகாமல் கட்டி ஃப்ரீசரில் வையுங்கள். கையில் ஸாட்ஸ் அல்லது வில்லமெட் இருந்தால் கேஸ்கேட்டை விட்டுவிட்டு அதைப் போடலாம், லேசான மூலிகை மணமும் பூ மணமும் தேனோடு சண்டை போடாது.

ஈஸ்ட்டுக்கு முழு மதிப்பெண். யுஎஸ்-05 சுத்தமாக வேலை செய்யும் ஈஸ்ட், தன் பங்குக்கு வாசனை அதிகம் சேர்க்காது, தேனுக்கு மேடையை விட்டுக்கொடுத்துவிடும். 20 லிட்டருக்கு ஒரு பாக்கெட் தாராளம். பாக்கெட்டின் பின்னால் இருக்கும் தேதியை மட்டும் பார்த்து வாங்குங்கள், பெட்டி எத்தனை மாதம் அலமாரியில் வெயிலில் கிடந்தது என்று தெரியாது.

ஆனால் தாளில் "அறை வெப்பநிலையில் நொதிக்கவிடவும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். கோடை ஏலைப் பெரும்பாலானவர்கள் எப்போது காய்ச்சுவார்கள்? கோடையில்தானே! அப்போது அறை வெப்பநிலை என்னவாக இருக்கும் என்று எழுதியவர்கள் யோசித்திருக்க வேண்டும். இந்த ஈஸ்ட் 18 முதல் 20 டிகிரி வரை மிக நன்றாக இருக்கும். நொதித்தலே சூட்டை உண்டாக்கும் என்பதால் உள்ளே இருக்கும் திரவம் அறையை விடச் சில டிகிரி கூடுதலாகவே நிற்கும். 26, 27 என்று போனால் பழ வாசனையும், தொண்டையைச் சுடும் காட்டமான ஆல்கஹாலும் வரும், இவ்வளவு லேசான பியரில் அதெல்லாம் அப்பட்டமாகத் தெரியும். ஃபெர்மென்டரை ஒரு பெரிய தொட்டித் தண்ணீரில் நிறுத்தி, மேலே ஈரத் துணி சுற்றி, ஐஸ் பாட்டில்களைக் காலையும் மாலையும் மாற்றி மாற்றிப் போட்டால் போதும், தனிக் குளிர்பதனப் பெட்டி தேவையில்லை. முதல் மூன்று நான்கு நாட்கள் இதைச் செய்தாலே பாதிப் பிரச்சனை தீர்ந்துவிடும், ஈஸ்ட் வாசனைகளை உண்டாக்குவது பெரும்பாலும் அப்போதுதான்.

தாளில் இருக்கும் ஆபத்தான வரி இன்னொன்று: "7 நாளில் பாட்டிலில் அடைக்கவும்." இதைக் கண்டிப்பாகப் பின்பற்றாதீர்கள். தேனைத் தாமதமாகச் சேர்த்தால் நொதித்தல் இன்னும் சில நாள் நீளும், ஏழாம் நாள் அது நடுவில்கூட இருக்கலாம். சர்க்கரை மிச்சமிருக்கும்போது மூடிவிட்டால் பாட்டிலுக்குள் வாயு ஏறிக்கொண்டே போய்க் கண்ணாடி வெடிக்கும். வெடித்த கண்ணாடி முகத்தில் படலாம், இது விளையாட்டு இல்லை. ஹைட்ரோமீட்டரில் பாருங்கள், இரண்டு மூன்று நாள் இடைவெளியில் அதே எண் வந்தால்தான் முடிந்தது என்று அர்த்தம். 1.010க்கும் கீழே இறங்கியிருக்க வேண்டும். பொதுவாக இரண்டு வாரம் விட்டுவிடுவது நல்லது, ஈஸ்ட் அடியில் படிந்து பியரும் தெளிந்துவிடும். வாங்கும் ஒவ்வொருவரும் முதலில் படிக்கும் தாளில் ஹைட்ரோமீட்டர் என்ற சொல்லே இல்லாதது எனக்குக் கோபத்தையே வரவழைத்தது.

சுத்தம், தண்ணீர் இரண்டைப் பற்றியும் தாளில் சொன்னது சரி. கொதித்து ஆறிய பிறகு பியரைத் தொடும் எல்லாவற்றையும் ஸ்டார் சான் மாதிரி கழுவத் தேவையில்லாத கரைசலில் நனைத்து எடுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் காம்ப்டன் மாத்திரை கொஞ்சம் நசுக்கிப் போடுங்கள், இல்லையென்றால் மருந்துக் கடை வாடை வரும்.

பாட்டிலுக்கான டெக்ஸ்ட்ரோஸ் 150 கிராம் என்பது 20 லிட்டருக்குச் சரியான அளவு, கோடை ஏலுக்கு ஏற்ற துள்ளலான நுரை வரும். அதற்குப் பதிலாகவும் தேனையே போடலாமே என்று தோன்றும். போடலாம், ஆனால் தேனுக்குத் தேன் ஈரம் மாறும், எவ்வளவு சர்க்கரை போகிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஒரு முறை தட்டையாகவும் ஒரு முறை பொங்கியும் வரும். அந்த அளவு தேனால் மணத்தில் பெரிய வித்தியாசமும் தெரியாது. டெக்ஸ்ட்ரோஸையே வைத்துக்கொள்ளுங்கள். பாட்டில்கள் பழுப்பு நிறமாக இருக்கட்டும், வெளிச்சம் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து ஒரு நாற்றம் வரும், வெளிர் பியரை வெயிலில் வைத்துக் குடிக்கிறவர்கள் இதை அடிக்கடி பார்ப்பார்கள்.

சுவைக்கு வருகிறேன். பாட்டிலில் இரண்டு வாரம் ஆனதும் திறந்தால் வைக்கோல் நிறம், வெள்ளை நுரை, கொஞ்சம் கூர்மையான, மெலிந்த சுவை, தேன் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். இந்தக் கட்டத்தில் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். ஒரு மாதம் தாண்டட்டும். அப்போது அந்தக் கூர்மை தணிந்து, விழுங்கிய பிறகு மூக்கின் பின்பக்கமாகத் தேன் மெல்ல எழுந்து வருகிறது, நாக்கில் இனிப்பு இல்லை, மூச்சில் பூ மணம். இதைக் கடையில் கிடைக்கும் தேன் பியர்களில் நான் அனுபவித்தது குறைவு. காராபில்ஸ் இருப்பதால் நுரையும் கடைசி மடக்கு வரை நிற்கிறது. பரிமாறும்போது உறையக் குளிரவைக்க வேண்டாம், 7, 8 டிகிரி இருக்கட்டும், அதற்குக் கீழே போனால் மணம் எழாது.

இனிப்பும் தெரிய வேண்டும் என்பவர்களுக்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு, 2012 செப்டம்பரில் அமெரிக்க வெள்ளை மாளிகை தன் தோட்டத்துத் தேனில் காய்ச்சிய ஹனி ஏலின் செய்முறையை வெளியிட்டது. அதிலும் தேன் ஒரு பவுண்டுதான், நம் கிட்டை விடக் கொஞ்சம் குறைவு. ஆனால் கூடவே கிரிஸ்டல் மால்ட், பிஸ்கெட் மால்ட் இரண்டும் உண்டு, ஈஸ்ட் வின்ட்சர். வின்ட்சர் மால்ட் சர்க்கரை எல்லாவற்றையும் தின்று முடிக்காத ஈஸ்ட், அதனால் பியரில் உடம்பும் இனிப்பும் நின்றுவிடும். அதாவது இனிப்பு மால்ட்டிலிருந்தும் ஈஸ்ட்டிலிருந்தும் வருகிறது, தேனிலிருந்து இல்லை. நம் கிட்டில் அதைச் செய்ய விரும்பினால் ஹனி மால்ட் 200 கிராம் தனியாக வாங்கி, காராபில்ஸோடு அதே துணிப் பையில் போட்டு, 65 முதல் 70 டிகிரித் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவையுங்கள். ஹனி மால்ட்டில் தேனே கிடையாது, பார்லியை ஒரு தனி முறையில் முளைகட்டி வறுத்தெடுப்பதால் தேன் மாதிரியான இனிப்பு வருகிறது, அந்த இனிப்பை ஈஸ்ட்டால் முழுக்கத் தின்ன முடியாது. 200 கிராமைத் தாண்டாதீர்கள், நிறம் ஏறிக் கோடை ஏல் என்ற அடையாளமே போய்விடும்.

அப்புறம், ஏற்கெனவே மால்ட்டும் ஹாப்ஸும் தனித்தனியாக வாங்கிக் காய்ச்சிப் பழகியவர்களுக்கு இந்தப் பெட்டி தேவையே இல்லை, மேலே கொடுத்த அளவுகளே போதும், தேனுக்கு மட்டும் தாராளமாகச் செலவு செய்யுங்கள். புதியவர்கள் தயங்காமல் வாங்கலாம், பெட்டியோடு சேர்த்து ஹைட்ரோமீட்டரும் வாங்கிவிடுங்கள்.